ஜிப்பாவில் ஏறிய தேள்

தேள் நன்றாகத்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் பனியனில் அல்ல. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பூவனலிங்கத்தின் வெள்ளை ஜிப்பாவில்.

இஸ்திரிக் கடைக் கருத்தையா ஜிப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

எல்லாம் 'ரத்தக் கொடுக்கு' என்கிற நாவல் செய்த வேலை. அதில் எவன் சட்டையில் சிவப்புத் தேள் தென்படுகிறதோ, அவன் அமாவாசைக்குள் பிணம். மூன்று தரம் படித்துக் கிறுக்குப் பிடித்துப்போன கருத்தையா, அந்தத் தேளைப் பனியனில் போட்டுக்கொண்டு கழுகுமலைத் தேருக்குப் போய் நாலு பேரை மிரட்ட ஆசைப்பட்டார். தூத்துக்குடியில் கப்பல் சாமான் விற்கிற கடையில், சூடு காட்டினால் துணியில் ஒட்டுகிற சிவப்பு பிளாஸ்டிக் தாளை வாங்கித் தேளாக வெட்டினார். ஒட்டும்போதும் கண் என்னவோ மேசையில் விரித்திருந்த நாவலில்தான். கை மட்டும், தொழில் பழக்கத்தில், மூட்டையிலிருந்து அடுத்த துணியை எடுத்து விரித்துவிட்டது.

பூவனலிங்கம் லேசுப்பட்டவர் அல்ல. பால் சிந்தியதற்காகப் பால்காரரின் சைக்கிளைத் தூக்கிக் கிணற்றில் போட்டவர். கருத்தையாவின் கடை நிற்பதோ அவருடைய காம்பவுண்டுச் சுவரோரம். அவர் ஒரு வார்த்தை சொன்னால் இஸ்திரிப் பெட்டியும் கையுமாகத் தெருவில் நிற்க வேண்டியதுதான்.

"இன்னொரு தரம் சூடு காட்டும்வே. எளகி வந்துரும்," என்றார் பக்கத்து டீக்கடை சோலைச்சாமி.

இளகியது, வரவில்லை. கொடுக்கு உருகி, ரத்தம் வடிகிற மாதிரி வழிந்து உறைந்தது.

"அப்பம் மண்ணெண்ணெய் தொட்டுத் தேயும்."

தேய்த்தார். சிவப்பு சாவகாசமாக நெஞ்சு முழுக்கப் பரவியது.

"இப்பம் நெசமாவே குத்துப்பட்ட ஆளு சட்டை மாதிரி இருக்கு," என்று சோலைச்சாமி சிரிப்பை அடக்கினார்.

"சிரிக்காதீரும்வே! எனக்குக் கை காலு ஓடல."

சட்டையை ஒளித்து வைக்கலாம் என்று குனிந்தபோது டிரைவர் தவசி வந்து நின்றான். "அண்ணாச்சி, ஜிப்பா ரெடியா? முதலாளி வெளிய கெளம்புதாவ."

தேள் உள்ளே மறையும்படி மடித்து, மற்ற துணிகளுக்கு அடியில் செருகிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரத்தில் முதலாளி வீட்டு மாடியிலிருந்து ஓர் அலறல். அப்புறம் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்திக்கொண்டன. கிளம்பிய கார் திரும்ப ஷெட்டுக்குள் போனது.

மறுநாள் வாசலில் அரிவாளோடு ஓர் ஆள் காவல் நின்றான். கடைப்பக்கம் வருகிற போகிறவர்களை எல்லாம் முறைத்தான். 'எனக்குத்தான்' என்று கருத்தையா நினைத்துக்கொண்டார். மத்தியானம் உடுக்கையும் கையுமாகக் குறி சொல்லுகிற கோடாங்கி ஒருத்தர் உள்ளே போனார். "உமக்குச் செய்வினை வைக்கப் போறாவவே," என்று சோலைச்சாமி காதைக் கடித்தார்.

அண்ணாந்து பார்த்தார் கருத்தையா. மாடி ஜன்னல் இடுக்கில் பூவனலிங்கத்தின் ஒற்றைக் கண் தெரிந்தது. கண்ணும் கண்ணும் சந்தித்த கணம் ஜன்னல் அறைந்து சாத்தப்பட்டது.

அன்று ராத்திரி சொந்த ஊரான எப்போதும்வென்றானுக்கே ஓடிவிடலாமா என்று யோசித்தார். ஓடினால் பிழைப்பு? இந்தச் சுவரோரம் இல்லாவிட்டால் அவருக்கு வேறு போக்கிடம் ஏது?

பொழுது விடிந்ததும், முதலாளியின் மனைவி கோமதியம்மாளே கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு சட்டை.

கருத்தையா அவள் காலில் விழப் போனார். "அம்மா, நாந்தாம்மா! புத்தி கெட்டுப்போயி ஒட்டிட்டேன். மொதலாளிகிட்ட நீங்கதான் சொல்லணும். கடைய மட்டும் எடுக்கச் சொல்லிராதீங்க!"

கோமதியம்மாள் மாடி ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"நான் எதுக்குய்யா சொல்லுதேன்? மெத்தைக்கு அடியில அந்தக் கொடுக்குப் புஸ்தகத்த ஒளிச்சி வச்சிப் படிச்ச மனுசன், சீட்டாட்டத்துக்குப் போகாம ரெண்டு நாளா என் முந்தானையப் புடிச்சிட்டுல்லா கெடக்காவ. அமாவாசை போயிட்டா பயம் தெளிஞ்சிரும், அதுக்குப் பொறவுக்கு இந்தச் சட்டையிலயும் ஒரு தேளு போட்டுக் குடு."