காமாலைச் சாமியின் மஞ்சள் தண்ணீர்

காமாலைச் சாமி கோயிலடியில் வந்து இறங்கியதும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிற வேலை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியும் எப்போது வெட்டி முடிப்போம், எப்போது வரிசையில் நிற்போம் என்றே அலைந்தது.

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. தொழிலாளர் லயன் வீடுகளைச் சுற்றி முள்கம்பி, போக வர ஒரே கேட். சாயங்காலம் பூட்டினால் காலையில்தான் திறப்பார்கள். அடையாளக் கார்டு இல்லாமல் ஓர் ஆள் வெளியே போக முடியாது. மூடநம்பிக்கைக்கு மட்டும் எந்தக் கேட்டிலும் சோதனை கிடையாது. அது லுக்குட் டவுனிலிருந்து வேலும் விபூதியுமாக ஜம்மென்று உள்ளே வந்துவிட்டது. போன வருஷம் வரை லுக்குட்டில் குடை தைத்துக்கொண்டிருந்தவர்தான் சாமி. குடையில் ஓட்டை அடைத்தவர் இப்போது உடம்பில் ஓட்டை அடைக்கிறார், அவ்வளவுதான்.

வைத்தியம் சுலபம். நோயாளியைத் தலையிலிருந்து கால்வரை உள்ளங்கையால் தடவுவார். பிறகு செம்புத் தண்ணீரை ஊற்றித் தட்டில் கை கழுவுவார். தண்ணீர் மஞ்சளாக ஓடும். “எறங்கிருச்சு பாரு!” என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வரிசையில் முதல் ஆள் கங்காணி.

வீரமுத்துவும் காலையிலிருந்து நின்றான். சிரிக்காதீர்கள், அவன் நின்றது மகளுக்காக. கைக்குழந்தை அவள். பிறந்ததிலிருந்தே கண் மஞ்சள். பித்தம் இறங்க வழியில்லை என்று சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் வயிற்றைக் கீறி ஈரலுக்குக் கீழே வழி செய்து அனுப்பினார்கள். கொஞ்ச நாள் நன்றாயிருந்தாள். இப்போது மறுபடியும் மஞ்சள், கூடவே அனலாகக் காய்ச்சல்.

அவன் மனைவி பஞ்சாலை முந்தின நாளே சண்டை பிடித்தாள்.

“காய்ச்ச, கண்ணு மஞ்ச, வெளிக்குப் போனா சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. இப்படி வந்தா பித்தக் கொழாயில கிருமி பூந்திருக்கும், ஒடனே தூக்கிட்டு வான்னு ஆஸ்பத்திரி சிஸ்டர் சொன்னாங்களா இல்லியா?”

“கத்தி வெச்ச ஓட்ட வழியா முனி பூந்திருச்சுன்னு சாமி சொல்றாரு லா. மூணு நாள் எறக்கணும். அதுவரைக்கும் வேலி தாண்டக் கூடாது.”

தாண்டாமல் இருக்கச் சாமி ஒரு வழி வைத்திருந்தார். வைத்தியத்துக்கு வருகிறவர்களின் அடையாளக் கார்டை வாங்கி வேலுக்கு அடியில் வைத்துவிடுவார். காணிக்கை முழுதாக வந்த பிறகுதான் முருகன் கார்டைத் திருப்பித் தருவான். வீரமுத்து தன் கார்டோடு பஞ்சாலையின் கார்டையும் பக்தியாகக் கொண்டுபோய் வைத்திருந்தான்.

மத்தியானம் ரப்பர் பால் லோரி சிரம்பானுக்குக் கிளம்ப ஹாரன் அடித்தது. அன்றைக்கு அதை விட்டால் வேறு வண்டி இல்லை. அப்போதுதான் பஞ்சாலை துணிச் சுருணையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். ‘அப்பாடா, புத்தி வந்துவிட்டது’ என்று வீரமுத்து அவளை முன்னால் விட்டான்.

“மொகத்தத் தெறக்காதே! முனி பாத்துரும்” என்றார் சாமி. அது அவருடைய வழக்கமான சட்டம். நோயாளியின் முகத்தைப் பார்க்க விரும்பாத வைத்தியர்!

துணியோடு தடவினார். உறுமினார். கை கழுவினார். தட்டில் மஞ்சள்.

“முருகா!” என்றது கூட்டம். வீரமுத்துவுக்குக் கண் கலங்கியது.

“பாதி எறங்கிருச்சு. நாளைக்கு ஒரு சேவலோட வா.”

“எங்கேருந்து எறங்குச்சு சாமி?” என்றாள் பஞ்சாலை.

“ஈரல்லேருந்து! புடிச்சு இழுத்தேன்ல?”

பஞ்சாலை துணியை உதறினாள். அடுப்புக்கு வைத்திருந்த ரப்பர் மரக்கட்டை ஒன்று தட்டின் மேல் டங்கென்று விழுந்தது.

“இதுக்கு ஈரல் எந்தப் பக்கம் சாமி இருக்கு?”

சாமி சமாளித்தார்: “கட்டைக்குள்ளயும் முனி இருக்கும்!” பாதிக் கூட்டம் தலையாட்டியது. தலை அதற்குத்தானே இருக்கிறது!

“அப்ப சவுக்காரம் போட்டுக் கையக் கழுவிட்டு மறுபடி தடவுங்க. கோயில் பின்னாடி மாமரத்துப் பட்டைய எதுக்கு உரிச்சீங்க?”

சாமி இரண்டு கையையும் இறுக மூடிக்கொண்டார். அதைப் பார்த்ததும் வீரமுத்துவுக்கு உச்சந்தலை சூடேறியது. பாய்ந்து அவர் விரல்களைப் பிரித்துச் செம்பைக் கவிழ்த்தான். மறுபடி யாரையும் தடவாத கையிலிருந்து மஞ்சள் மஞ்சளாக வழிந்தது. மாம்பட்டைச் சாறு பூசிய கையில் செம்பிலிருந்த சுண்ணாம்புத் தெளிவு பட்டால் வேறென்ன நிறம் வரும்?

“புள்ள எங்கடி?”

“லோரியில, பக்கத்து வீட்டு முத்தாயி மடியில. என் கார்ட எடு!”

அவன் வேலைப் பிடுங்கிப் போட்டான். கார்டுகளைக் கிளறித் தேடினான். தன் மூடத்தனத்தை நினைத்து அவனுக்கு அழுகையே வந்தது. கார்டு இரண்டும் கிடைத்ததும் இருவரும் லோரியைப் பார்த்து ஓடினார்கள்.

சாமியும் ஓடினார், மிச்சக் கார்டுகளை வாரிப் பையில் போட்டுக்கொண்டு. கேட்டில் பையைக் கொட்டிப் பார்த்த போலீஸ்காரர் மலைத்துப்போனார். இத்தனை பேர் கார்டு யாருக்கு? “முருகனுக்கு” என்றார் சாமி. “அந்த முருகன் எந்தக் காட்டில் ஒளிந்திருக்கிறான்?” என்று கேட்டுக்கொண்டே விலங்கை மாட்டினார் போலீஸ்காரர்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பித்தக் குழாயில் கிருமிதான். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஊசி மேல் ஊசி போட்டார்கள். காய்ச்சல் விட்ட பிறகு ஒருநாள் குழந்தையின் துணியில் பளிச்சென்று மஞ்சள். பித்தம் இறங்கிவிட்டது. வீரமுத்து அந்தப் பீத்துணியைக் கண்டு கைகூப்பி அழுதான்.

ஊர் திரும்பினால், கோயில் பக்கம் மறுபடியும் வரிசை. முனியையே உள்ளே வாங்கிக்கொண்ட கட்டையாம்; குங்குமம் வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார்கள். இப்போதும் முதல் ஆள் கங்காணி.

பஞ்சாலை குழந்தையை வீரமுத்துவிடம் கொடுத்துவிட்டு, கட்டையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஐயையோ, எங்க கொண்டு போற?” என்று கூட்டம் அலறியது.

“அடுப்புக்கு. புள்ளைக்குத் தண்ணி காய வெக்கணும்” என்றாள் அவள். “இதுக்குத்தான் மூள இல்ல, நிக்க வெச்ச எடத்துல நிக்குது. ஒங்களுக்கு என்னா கேடு?”