ஒருநாள் வீட்டுக்காரன்

எனக்கு நடிக்க வராது. இதைக் கண்டுபிடிக்க ஐம்பத்தெட்டு வயது ஆயிற்று. கண்டுபிடித்த இடத்தில் நூறு பேர் கூடியிருந்தார்கள்.

பழைய வீடுகளைத் தூணும் ஓடுமாகப் பெயர்த்து வந்து நிறுத்தி, அந்தக் காலத்து வாழ்க்கையை ஆட்களை வைத்தே நடத்திக் காட்டும் அருங்காட்சியகம் ஒன்றில் என் மகள் செல்வி வழிகாட்டி. தற்காலிக வேலைதான். 'நூறு வருஷத்துக்கு முந்தைய பொங்கல்' என்ற நிகழ்ச்சியை அவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். நன்றாக நடந்தால் வேலை நிரந்தரம். வீட்டுக்காரராக நடிக்க வேண்டியவருக்கு முதல் நாள் காய்ச்சல். உத்திரமேரூரில் எங்கள் வீட்டுக்கு அவளிடமிருந்து போன் வந்தது.

"நைனா, நீ ஒண்ணியும் பண்ண வாணாம். வாசல்ல நின்னுக்கினு வர்றவங்கள வாங்கன்னு கூப்புடு. பால் பொங்குனா 'பொங்கலோ பொங்கல்'னு கத்து. அவ்ளோதான்."

"ப்பூ! இவ்ளோதானா?" என்றேன். (ஆட்டோ ஓட்டுகிறவன். கத்துவது என் தொழிலில் பாதி.)

"கத்துவ, சரி. வூட்டுக்காரன் மாதிரி நிக்கத் தெரியுமா உனுக்கு?" என்றாள் என் மனைவி கஸ்தூரி. நான் காதில் வாங்கவில்லை.

ஜரிகை வேட்டி, அங்கவஸ்திரம், ஒட்டுமீசை. கண்ணாடியைப் பார்த்ததும் என்னையறியாமல் எனக்கே ஒரு கும்பிடு போட்டேன். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

வாலாஜாபாத் பக்கத்து நிலக்காரர் ஒருவரின் வீடு அது. முன்வாசலில் கோலம், புதுப்பானை, அடுப்பில் பால். கும்பலை அழைத்துவரச் செல்வி கேட்டுக்குப் போனாள். சற்று நேரத்தில் பேச்சுச் சத்தம் நெருங்கியது. அதற்குப் பிறகு என் கால்கள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்பக்கம் வந்து சுவரோரமாகக் கை கட்டி நின்றேன். தோளில் கிடந்த அங்கவஸ்திரம் எப்போது இடுப்புக்கு இறங்கியது என்று இன்றுவரை தெரியாது.

முன்னால் ஒரே கூச்சல். செல்வி சுற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

"நைனா! இங்க இன்னா பண்ணிக்கினு கீற? பால் பொங்கி அடுப்பே அணைஞ்சி போச்சி!"

"கூப்புடுவாங்கன்னு நின்னுக்கினு கீறேன்மா."

"யாரு கூப்புடுவாங்க? நீதான் வூட்டுக்காரரு!"

அவளுக்குப் பின்னால் மேலாளர், மொத்தக் கும்பல். என் மீசை ஒரு பக்கம் தொங்கியது. பிள்ளையின் வேலைக்கு உலை வைத்துவிட்டோமே என்ற பதற்றத்தில் உள்ளதை உளறினேன்.

"எங்கப்பா ஏர் ஓட்டுன வூடு இதே மாரிதான் சார். பொங்கலன்னிக்கு நாங்க தூக்குச் சட்டியோட பின்னாலதான் நிப்போம். முன்வாசல் எந்தப் பக்கம் கீதுன்னே எனுக்குத் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் மட்டும் கேட்டார்: "எவ்வளவு நேரம் நிப்பீங்க?"

"அவங்க சாப்ட்டு முடிக்கிற வரைக்கும்மா. வாசனைய வச்சே சொல்லுவோம்: இப்ப வெல்லம் போட்டாங்க, இப்ப முந்திரி வறுக்கிறாங்கன்னு."

அரைமணி நேரம் அங்கேயே நிற்கவைத்துக் கேள்வி கேட்டார்கள். முன்வாசலுக்கு யாரும் திரும்பவில்லை.

செல்விக்கு வேலை நிரந்தரமாயிற்று. இப்போதெல்லாம் பொங்கலுக்கு வருகிறவர்களை அவள் முதலில் பின்பக்கம்தான் அழைத்துப் போகிறாளாம்.

எங்கள் வீட்டுக்கு இருப்பது ஒரே வாசல். ஒவ்வொரு பொங்கலுக்கும் பால் பொங்குகிற நேரத்தில் கஸ்தூரி உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "யோவ் வூட்டுக்காரரே, கூப்ட்டாச்சு, உள்ள வா!" தெருவே சிரிக்கும். நானும் சிரித்துக்கொண்டேதான் போகிறேன்.

ஆனாலும், கூப்பிட்ட பிறகுதான் போகிறேன்.