கேள்வி கேட்காத கேள்விக்காரர்

எங்கள் ஒஹாயோ கல்லூரி நகரத்தில் மான், அணில் தவிர இன்னொரு ஜீவராசியும் ஏராளம். சமூக நீதி, சிறைச் சீர்திருத்தம் என்று எங்காவது சிறப்புச் சொற்பொழிவுக்கு அறிவிப்பு ஒட்டினால் போதும், வெளியே வந்துவிடும். சொற்பொழிவைக் கேட்க அல்ல. அது முடிந்ததும் வரும் கேள்வி நேரத்துக்காக.

எங்கள் டெல்பர்ட் ஹாக்கன்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுபெற்ற நிலவியல் பேராசிரியர். சொற்பொழிவு நடக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார். தூங்குகிறார் என்று நினைத்துவிடாதீர்கள், தன்னுடைய உரையைத் தயாரிக்கிறார். கைதட்டல் ஓய்வதற்குள் மைக் அவர் கையில் இருக்கும். "இதைக் கேள்வின்னு சொல்ல முடியாது, ஒரு சின்னக் கருத்து" என்று ஆரம்பித்து, எழுபதுகளில் தான் போன ஊர்வலம், நார்வே சிறையில் கைதிகளே சமைக்கும் மீன், அந்த மீனைப் பற்றித் தான் எழுதி எந்தப் பத்திரிகையும் போடாத கட்டுரை என்று ஊரெல்லாம் சுற்றி வந்து, "மூணு விஷயம் சொல்லிட்டு உக்காந்துடறேன்" என்பார். மூன்றாவது விஷயத்துக்குள் ஐந்து விஷயம் இருக்கும். உட்காருவாரா? எதற்கு?

போன செவ்வாய்க்கிழமை பேச வந்தவர் ஓபல் ஃபிரேசியர், கைதிகளுக்காக வாதாடும் வக்கீல். பின்வரிசையில் என் பக்கத்தில் மருத்துவமனைச் சமையலறைச் சீருடையோடு லவெட்டா என்றொரு பெண். அவள் தம்பி பத்தொன்பது வயதில் சிறைக்குப் போனவன். அவனை விடலாமா என்று விடுதலைக் குழு மறுநாள் காலை விசாரிக்கிறது. குடும்பத்தில் ஒருவர் பேசலாம். அங்கே எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக்கூடாது? அவளுக்குத் தெரியவேண்டியது அவ்வளவுதான்.

"கேட்டா தப்பா நினைப்பாங்களா?" என்றாள்.

"அதுக்குத்தானே வந்திருக்காங்க. கேளும்மா."

கையைத் தூக்கினாள். மைக் டெல்பர்ட்டிடம் இருந்தது. "குரல் இல்லாதவங்களுக்கு நாமதான் இடம் கொடுக்கணும்" என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லவெட்டா வலது கையை இறக்கிவிட்டு இடது கையைத் தூக்கினாள். எங்கள் ஊரில் பேசுகிறவரை மறிப்பது மரியாதையில்லை. கூட்டத்தை நடத்திய பெண்மணி புன்னகை மாறாமல் கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில், "அருமையான விவாதம். நேரமாயிடுச்சு, வெளியே காபியும் குக்கீயும் இருக்கு" என்றார். வக்கீலை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போகக் கார் காத்திருந்தது.

லவெட்டா நேராக டெல்பர்ட்டிடமே போனாள்.

"சார், நீங்க விஷயம் தெரிஞ்சவரா இருக்கீங்க. நாளைக்கு என் தம்பிக்கு விசாரணை. நான் என்ன பேசணும்?"

அவர் குக்கீயைக் கீழே வைத்தார். "ரொம்ப நல்ல கேள்வி. ஆனா தனி ஆளைப் பாக்கக்கூடாதும்மா, அமைப்பைப் பாக்கணும்" என்றார். எப்படிப் பார்ப்பது என்று விளக்கவும் தொடங்கினார். பாவம், அவளும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

உங்களுக்குக் கோபம் வருகிறதல்லவா? நியாயம்தான். அடுத்த கூட்டத்தில் எழுந்து இப்படிப்பட்டவர்களைப் பற்றி நாலு வார்த்தை சூடாகச் சொல்லிவிட வேண்டும் என்றுகூடத் தோன்றும். சொல்லுங்கள், நன்றாக விளக்கியே சொல்லுங்கள். மைக் உங்கள் கையில் இருக்கும்போது, பின்வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டிருப்பவளுக்கு நாளைக் காலையில் என்ன என்பது உங்களுக்குத் தெரியவா போகிறது?