பார்த்துத் தருகிறவர்

இந்த இனம் அருகிவரும் இனமல்ல. இதற்குச் சரணாலயம் எதுவும் தேவையில்லை. தம்பானூரில் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் மேஜைக்குப் பின்னால் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். பார்த்துத் தருகிறவர் என்று பெயர். "வெச்சுட்டுப் போங்கோ, ஒரு பார்வை பார்த்துத் தரேன்" என்பது இதன் குரல். அந்தக் குரலை நம்பிக் கையிலிருந்ததை வைத்துவிட்டு வந்தவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வராந்தாவில் நிற்பார்கள்.

இவரைச் சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். சோம்பேறி என்றாவது ஒருநாள் கொட்டாவியோடு கையெழுத்துப் போட்டுத் தந்துவிடுவான். இவர் உழைப்பாளி. அதுதான் ஆபத்து.

பறவைகளின் மரபணுக்களை ஆராயும் ஒரு கூடத்தின் தலைவர் வெங்கடேஸ்வரனையே எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கிழக்கேகோட்டையிலிருந்து புறப்பட்டு வந்து, பேனாவின் மூடியைக் கழற்றி, மாணவர் எழுதிய கட்டுரையின் முதல் பக்கத்தில் ஒரு காற்புள்ளியை அரைப்புள்ளியாக்கி, அது அங்கே நிம்மதியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை மறுபடியும் காற்புள்ளியாக்கி, 'மிகவும்' என்ற சொல் இங்கே மிகவும் தேவையா என்று ஜன்னலுக்கு வெளியே நிற்கும் தென்னையிடம் விசாரித்து, சாயங்காலம் "முதல் பக்கம் ஏறக்குறைய ஆச்சு" என்ற திருப்தியோடு வீட்டுக்குப் போவார். மறுநாள் எங்கே தொடங்குவார்? இரண்டாம் பக்கத்தில் என்கிறீர்களா? இவரை உங்களுக்குத் தெரியாது.

வீட்டிலும் இப்படித்தான். தங்கையின் கல்யாணப் பத்திரிகையைப் பிழை பார்க்க வாங்கி வைத்தார். மாப்பிள்ளை வீட்டார் பொறுத்துப் பார்த்துவிட்டு, தாங்களே ஒன்றை அடித்து ஊருக்கெல்லாம் வாட்ஸாப்பில் அனுப்பினார்கள். அதில் இருந்த இரண்டு பிழைகளை இன்றைக்கும் விசேஷ வீடுகளில் சொல்லிக்காட்டுவார்.

இவரிடம் ஆராய்ச்சி மாணவியாக வந்து மாட்டியவள் ரெம்யா, போனக்காடு மலைத் தேயிலை எஸ்டேட் குடும்பத்துப் பெண். அந்த மலையில் கூட்டம் கூட்டமாகக் கெக்கலி கொட்டித் திரியும் ஒரு பாடும் பறவையை, வனத்துறை அனுமதியோடு வலையில் பிடித்து, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு பறக்கவிட்டு, அதன் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தாள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மைட்டோகாண்ட்ரியா என்பது செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பொடி உறுப்பு. அதற்கென்று தனி மரபணுக்கள் உண்டு. அந்தத் தொகுதி வளையல் மாதிரி வட்டமாக இருக்கும். தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும். இந்தப் பறவையின் வளையலை அதுவரை யாரும் படித்து வெளியிட்டதில்லை. வெளியிட்டால்தான் ரெம்யா ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். மார்ச் மாதத்தோடு அவளுக்கு உதவித்தொகை நிற்கிறது. வழிகாட்டி தலையசைக்காமல் கட்டுரையை எங்கும் அனுப்பவும் முடியாது.

"சாரே, ஒண்ணு வேகம் பார்த்துத் தரணே. மார்ச்சுல ஃபெல்லோஷிப் தீருது."

"தரேன், தரேன். ஒரு சின்னச் சந்தேகம், கேட்டியா. இது வட்டம்தானே?"

"ஆமா சார்."

"வட்டத்துக்கு ஏது தொடக்கம்? நீ எங்கேர்ந்து எண்ண ஆரம்பிச்சே?"

"எல்லாரும் தொடங்குற ஜீன்லேர்ந்துதான் சார்."

"எல்லாரும்னா யாராக்கும்? முதல்ல தொடங்கினவன் ஏன் அங்கே தொடங்கினான்னு நமக்குத் தெரிய வேண்டாமா?"

ஓணத்துக்கு முன்னால் கேட்ட கேள்வி இது. கிறிஸ்துமஸுக்கு வராந்தாவில் நட்சத்திர விளக்கு தொங்கியபோதும் கட்டுரை தொடக்கத்திலேயே நின்றது.

ஜனவரியில் ஒருநாள் ரெம்யா கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடினாள். வேறு மாநிலத்து ஆய்வுக்கூடம் ஒன்று அதே பறவையின் அதே வளையலைப் படித்து வெளியிட்டிருந்தது.

"தெரியுமே," என்றார் வெங்கடேஸ்வரன். "நல்ல பேப்பர். அந்த ஆய்வுப் பத்திரிகைக்காரா, போடலாமான்னு என்கிட்டதான் மதிப்பீட்டுக்கு அனுப்பினா."

"சார் என்ன செஞ்சீங்க?"

"ரெண்டே நாள்ல பாஸ் பண்ணிட்டேன். நாமளும் அதே வேலை பண்றோம்ங்கறதுக்காக அடுத்தவா பேப்பரை முடக்கி வெக்கலாமோ? பாவமில்லையோ?"

கவனியுங்கள், அவர் மனதில் துளி வஞ்சகம் இல்லை. 'இதே வேலை எங்கள் கூடத்திலும் நடக்கிறது, ஆகவே நான் மதிப்பிடுவது முறையல்ல' என்று ஒரு வரி எழுதி விலகியிருக்கலாம்தான். ஆனால் அந்த ஒரு வரியைச் சரியாக எழுத வேண்டுமே! பாஸ் செய்வது சுலபம்.

"அவங்க எங்கேர்ந்து எண்ணத் தொடங்கியிருக்காங்க சார்?"

"எல்லாரும் தொடங்கற இடத்துலேர்ந்துதான்."

"அப்போ நான் வேற யார் பேருலயாவது உங்களுக்கு அனுப்பியிருந்தா, ரெண்டு நாள்ல கிட்டியிருக்கும். அல்லே சார்?"

அவர் நேர்மையாக யோசித்தார். "கிட்டியிருக்கும்," என்றார். "சரி, நடந்தது நடந்தாச்சு. இதுல 'முதன்முறையாக'ன்னு எழுதியிருக்கியே, அதை எடுத்துடணும். வெச்சுட்டுப் போ, ஒரு பார்வை பார்த்துத் தரேன்."

ரெம்யா வைக்கவில்லை. அன்றைக்கே, வேறொரு வழிகாட்டியிடம் மாற்றித் தரும்படி பல்கலைக்கழகத்துக்கு மனு எழுதினாள். விதிப்படி அதற்குப் பழைய வழிகாட்டியின் சம்மதக் கையெழுத்து வேண்டும். மனு வெங்கடேஸ்வரனிடம் வந்தது. மார்ச்சும் வந்தது. மனுவின் முதல் வாக்கியத்தில் ஏதோ ஒன்று உறுத்துகிறதாம். பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் மேஜை இழுப்பறையை, மின்னஞ்சல் பெட்டியை, கைப்பேசியைக் கொஞ்சம் துழாவுங்கள். 'நீங்க ஒரு தடவை பார்த்துட்டா அனுப்பிடுவேன்' என்று யாரோ உங்களை நம்பித் தந்தது எங்கேயாவது கிடக்கிறதா? அலட்சியத்தால் கிடக்கவில்லை, எனக்குத் தெரியும். மேலோட்டமாகப் பார்க்கக் கூடாது, நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தால்தான் கிடக்கிறது. இன்றைக்கே அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பார்த்துவிட்டு அல்ல. அப்படியே.