டென்ஷன் அண்ணாச்சியின் கட்டைவிரல்

கோவில்பட்டி வட்டாரத்தில் டென்ஷனைப் பற்றி டென்ஷன் அண்ணாச்சி அளவுக்கு விவரம் தெரிந்தவர் கிடையாது. டென்ஷனே ஆகாத மனிதரும் அவர் ஒருவர்தான். நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த நூற்பு மில்லில் அவர் ஃபிட்டர். நூல் சுற்றும் கதிர்களை ஓட்டுகிற நாடாவான டேப்பைக் கட்டைவிரலால் ஓர் அமுக்கு அமுக்குவார். கண்ணை மூடுவார். "நூலளவு தொய்வு" என்பார். பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னபடியேதான் இருக்கும்.

ஊரில் வேறு யாராவது டென்ஷன் என்று சொன்னால் அண்ணாச்சிக்கு இருப்புக்கொள்ளாது. ஹைடென்ஷன் கம்பி இழுக்க வந்த லைன்மேனை மறித்து, "ஒங்க டென்ஷன் கம்பியிலயா, கரண்டுலயா?" என்று கேட்டார்.

"ரெண்டுலயும் உண்டு அண்ணாச்சி. தொட்டுப் பாத்துராதிய!"

அவர் விரலை மடக்கிக்கொண்டு தள்ளி நின்றது அன்று ஒருநாள்தான்.

டெய்லர் கடைக்குப் போனால், தையல் மெஷினில் டென்ஷன் வைக்கிற திருகைக் கேட்காமலே திருகுவார். "மில்லு டென்ஷனை மில்லோட வச்சுக்கிடும்" என்று டெய்லர் கத்திரியோடு விரட்டியிருக்கிறார். ஒரு பிசிக்ஸ் வாத்தியார், தண்ணீரின் மேற்பரப்பிலும் டென்ஷன் உண்டு என்று வாயைக் கொடுத்துவிட்டார். மறுநாள் கேன்டீன் டம்ளரில் ஊசியை மிதக்கவிட்டு அண்ணாச்சி பாடம் நடத்த, ஷிப்டே சுற்றி நின்றது. மெமோ எனக்கு வந்தது.

டாக்டர் ஒருமுறை பிரஷர் பார்த்துவிட்டு, "டென்ஷன் ஏதும் உண்டா?" என்றார். "எந்த டென்ஷன்னு தெளிவாக் கேளுங்க" என்று அண்ணாச்சி அரைமணி நேரம் விளக்கினார். வெளியே டோக்கனோடு காத்திருந்தவர்களுக்குத்தான் பிரஷர் ஏறியது.

திருப்பூரிலிருந்து நூல் வாங்கும் பார்ட்டி எங்கள் புது மெஷினைப் பார்க்க வருவதாக இருந்தது. எனக்கு அப்போது வேலை நிரந்தரமாகவில்லை. கோளாறு ஏதும் வந்தால் மூட்டை கட்டவேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். செல்போனில் ஒரு வீடியோ பார்த்து மேதையாகியிருந்த நான், டேப்புகளை இன்னும் இறுக்கச் சொன்னேன்.

அண்ணாச்சி விரல் வைத்தார். "வேண்டாம் தம்பி. சரியாத்தான் இருக்கு. இறுக்குனா அறுந்துரும்."

"காலம் மாறிப்போச்சு அண்ணாச்சி. விரலை நம்பி மில் ஓட்ட முடியாது. நான் சொல்லுதேன், இறுக்குங்க."

அண்ணாச்சி ஸ்பானரை எடுத்து இறுக்கினார்.

பார்ட்டி வந்து நின்ற பத்தாவது நிமிஷம் டேப்புகள் சூடேறி, பட்பட்டென்று அறுந்தன. மேனேஜர் முகம் விளாத்திகுளம் மிளகாய் வத்தல் நிறத்துக்கு வந்தது. "யாருய்யா இவ்வளவு இறுக்கச் சொன்னது?"

நான் குனிந்து அறுந்த டேப்புகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"நான்தான் சார்" என்றார் அண்ணாச்சி. "என் கைக்கணக்கு தப்பிட்டு. பார்ட்டி ஒரு டீ குடிக்கட்டும், அதுக்குள்ள ஓட வச்சிருதேன்."

சொன்னபடி ஓடவும் வைத்தார். ஆர்டர் கிடைத்தது. என் வேலையும் நிலைத்தது. மேனேஜர் மறுநாளே ஓர் அளவுக்கருவி வாங்கி அண்ணாச்சியிடம் நீட்டினார். இனி விரல் வைக்கக் கூடாது என்று உத்தரவு. ரிடையர் ஆகும்வரை அதை வைத்துத்தான் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை.

இன்று நான் அதே மில்லில் மேனேஜர். அண்ணாச்சியின் விரல் ஒருநாளும் தப்பியதில்லை. அன்று மேனேஜர் ஒருவர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை, அவர் மேல் இருக்கும் பிரியத்தில், இதைப் படிக்கிற இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்.