பகலில் வந்து தண்ணீர் கொடுத்தவர்

கல்முனை
12.02.1979

கண்ணியத்துக்குரிய மச்சான் காலிதீன் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தாங்களும் என் மூத்த சகோதரி ராத்தாவும் நிந்தவூரில் சுகமாயிருக்க அல்லாஹ் போதுமானவன். என் சுகத்தைக் கேட்டால், பதினொரு நாளாகக் கண்ணில் நித்திரையில்லை. ஆகையால் ஆஸ்பத்திரி வேலையை விடுகிறேன். தங்கள் நெல் மில்லில் மூட்டை தூக்கும் வேலையாவது எனக்குத் தரவேண்டும்.

சூறாவளிக்குப் பிறகு பரவிய வயிற்றோட்டத்தால் எங்கள் வாட்டில் பாய் விரிக்கவும் இடமில்லை. சிற்றூழியர் எங்கள் ஐவரில் மூவர் தாங்களே படுத்துவிட்டதால் இரவெல்லாம் நானும் தாதி பாலம்மா மிஸ்ஸியும்தான். காலையில் வீட்டுக்கு வந்து படுத்தால் "தம்பி, தண்ணி" என்று காதுக்குள் கேட்கிறது. என் மனைவி சுல்பிகா யன்னலை அடைத்தாள், சேவலையும் அயல்வீட்டுக்கு அனுப்பினாள். குரல் போகவில்லை. முந்தாநாள் ஏழாம் கட்டில் கனகசிங்கம் என் கையைப் பிடித்து, "நேத்துப் பகல் நீ உப்புச்சீனித் தண்ணி பருக்காட்டி நான் செத்திருப்பன்" என்றார். அவர் சொன்ன அந்தப் பகலில் நான் வீட்டில் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன், மச்சான்! பக்கத்துக் கட்டில்காரரும் அதையே சொல்லி, நான் சிரித்தேன் என்றும் சேர்த்தார். நான் வாட்டில் சிரித்ததேயில்லை. வாட்டுக்கு வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி அப்துல் கபூரிடம் ஓடினேன்.

"ஓம், நானும் கண்டன். கேட்டா பதிலில்ல, கண்ணும் சிமிட்டல்ல."

"அது நான் இல்ல ஐயா!"

"ஆரா இரிந்தா என்ன? ஆளில்லாத நேரம். நாளைக்கும் வரச்சொல்லு."

என் உருவத்தில் ஏதோவொன்று வேலை செய்கிற இடத்தில் எனக்கு இனி என்ன வேலை?

ராத்தாவுக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். உங்கள் அனைவருக்கும் நாயன் நல்ல நித்திரையைத் தருவானாக.

இப்படிக்கு,
மச்சினன் மீராமுகைதீன்

பி.கு.: மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்பவேண்டாம். கடிதத்தை வாசித்த சுல்பிகா அழுதுவிட்டாள். மூன்று நாள் பகலில் நித்திரையிலேயே எழும்பி, இடுப்பில் கட்டிய சாரனோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தவன் நானேதானாம். வாகனம் மோதிவிடாமல் அவள் பின்னால் வந்து, வாசலில் காத்து நின்று கூட்டி வந்தாளாம். "எழுப்பப் பயமா இரிந்திச்சி. இன்டைக்கு நீங்க எழும்பல்ல, அசையாமக் கிடந்தீங்க. பாலம்மா மிஸ்ஸிதான் வந்தா. காலில செருப்பில்ல. கண் திறந்திரிந்திச்சி, ஆனா என்னைக் காணல்ல. உங்களுக்குத் தண்ணி பருக்கி, நெத்தியத் தொட்டுப் பாத்திட்டுப் போனா."

மாலை வேலைக்குப் போனேன். "பகல் முழுக்க எனக்கு ஒரு பொட்டு நித்திரையில்ல, தம்பி" என்றார் மிஸ்ஸி. அவரது பாதத்தில் முள் குத்தி வீங்கியிருந்தது. காலை வைக்க நான் சுடுதண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். மில் வேலைக்கு வேறு ஆள் பாருங்கள், மச்சான்.