இரண்டும் இருக்கிற புத்தகம்

நம் பக்கத்தில் ஓர் இனம் பெருகி வருகிறது. புத்தக வைத்தியர் என்று பெயர் வைக்கலாம். அவர் எதிரே உட்கார்ந்து நீங்கள் அழுது பாருங்கள். கைக்குட்டை நீட்ட மாட்டார். "இதுக்குன்னே ஒரு புக்கு கீது பிரதர்" என்பார். அதிலும் சபைக்குப் போகிற வைத்தியருக்குப் பத்தியம் கடுமை. புத்தகத்தில் வேதமும் இருக்க வேண்டும், மனோதத்துவமும் இருக்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் காலை மிதிக்கவும் கூடாது.

அண்ணனூர் உத்தமனையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் போல்ட்டுகளை அளந்து, சரியில்லாததைத் தள்ளுகிற உத்தியோகம். அவர் மனைவி ஜெபாவின் தம்பி தவக்காலத்தில் விபத்தில் போய்விட்டான். அன்றிலிருந்து ஜெபா அடுப்படியில் கீர்த்தனை முணுமுணுப்பதில்லை, சபைப் பாடகர் குழுவுக்கும் போவதில்லை, சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுகிறாள். "ஜெபம் பண்ணுங்க" என்றார் பாஸ்டர். "கவுன்சலிங் போங்க" என்றார் டாக்டர். பாட்டில்லாத வீட்டைப் பார்த்து உத்தமனுக்கு உண்மையிலேயே பயம் வந்துவிட்டது. பாவம், நல்ல மனுஷன். உடனே புத்தகம் தேடக் கிளம்பினார்.

"செத்த நேரம் பக்கத்துல உக்காருங்களேன்" என்றாள் ஜெபா.

"தோ வந்துடறேன். யாருக்காக அலையறேன்? உனக்காகத்தான?"

ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய், கன்வென்ஷன் பந்தல்களில் போட்டிருந்த புத்தக மேசைகளையெல்லாம் குடைந்து, செல்போனில் கண் சிவக்கத் துழாவி, கிடைத்ததையெல்லாம் போல்ட்டு அளக்கிற கண்ணால் அளந்தார். ஒன்றில் வசனம் மட்டும். தள்ளு. இன்னொன்றில் மூளை, நரம்பு, சுரப்பி எல்லாம் உண்டு. ஆண்டவர் நன்றியுரையில்தான் வருகிறார். தள்ளு. மூன்றாவது கச்சிதம், ஆனால் எழுதியவர் வேறு சபை! தள்ளாமல் என்ன செய்வது? வாங்கிய பாவத்துக்கு அவற்றையும் படித்து, சபையாருக்குப் பங்கு போட்டு, "இது தாட்சாயிணி சிஸ்டர் பொறாமைக்கு, இது பாஸ்டர் கோவத்துக்கு" என்று ஓரத்தில் எழுதி வைத்தார். தமக்கென்று ஒரு வரிகூட அகப்படவில்லை.

புதன்கிழமை வீட்டுக் கூட்டத்தில் ஜெபக் குறிப்பு கேட்டார்கள். மனைவியின் துக்கத்தைச் சொல்லியிருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? "ஏத்த புத்தகம் கிடைக்கணும்" என்றார். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு புத்தகத்துக்காக மன்றாடினார்கள். ஜெபாவும் ஆமென் சொன்னாள்.

கிடைத்துவிட்டது! வேதம் பாதி, மனோதத்துவம் பாதி என்று பின்னட்டை சத்தியம் செய்தது. எழுதியவரும் நம்ம சபை. பையோடு படியேறினால், வீட்டுக்குள் பாட்டுச் சத்தம். ஜெபாவும் எதிர்வீட்டு ஜமீலாவும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். ஜெபாவின் கண் அழுது வீங்கியிருந்தது, வாயில் கீர்த்தனை.

"இன்னாக்கா பண்ணீங்க?" என்றார் உத்தமன்.

"நா இன்னா பண்ணேன்? தம்பி எப்டி இருப்பான்னு கேட்டேன். நாலு நாளா அது சொல்லிகினே கீது, நா கேட்டுகினே கீறேன்."

உத்தமனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் கையில் புத்தகம் கனக்கிறதே! "மனசு பாரமா இல்லியா? கொஞ்சங்கூடவா இல்ல?" என்று மனைவியை ஆசையோடு கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்து, புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். "எங்க வீட்டுல பாட்டு திரும்பி வந்ததுக்கு இதுதான் காரணம்!" சபை ஸ்தோத்திரம் என்றது. வாசலில் நாலைந்து பேர் அதை இரவல் கேட்டு மொய்த்தார்கள்.

திரும்பி வரும் வழியில் ஜெபா சொன்னாள்: "மேல சுத்துன கண்ணாடித்தாள நீங்க இன்னும் பிரிக்கவேயில்ல."

"பிரிச்சிடலாம், இன்னா இப்போ?"

"நா பாடிகினு இருந்தது தம்பிக்குப் புடிச்ச பாட்டு. ஜமீலாக்காவுக்குத் தெரியும்."

உத்தமன் புத்தகத்தைப் பைக்குள் தள்ளினார்.

இப்படியும் ஆட்களா என்கிறீர்களா? அதுசரி. இதைப் படித்துக்கொண்டே வரும்போது, "இத மொதல்ல அவனுக்கு அனுப்பணும்" என்று உங்களுக்கு ஒரு முகம் நினைவுக்கு வந்ததே, அந்த ஆளிடம் உட்கார்ந்து பேசி எத்தனை நாளாயிற்று?